வெள்ளையன் கற்றதும் நான் கற்றதும்

நம் மக்கள் சில காரியங்களை நேரே பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. "வெளிக்குப் போய் வருகிறேன்" என்பார்கள். "கொல்லைக்குப் போயிருக்கிறார்" என்பார்கள். கேட்பவருக்கு விளங்கிவிடும். வீடு வேறு, வெளி வேறு என்ற எண்ணம் அந்தச் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மனிதக் குழந்தைக்கு இந்த வேற்றுமையைத் தாய் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கற்றுக்கொடுத்துவிடுகிறாள். தாயைப் பிரிந்து வந்த நாய்க்குட்டிக்கு அதை யார் கற்றுக்கொடுப்பது? ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பங்குச் சாமியாருக்கு அந்த வேலை வந்து சேர்ந்த கதையைத்தான் இம்மாதம் சொல்லப்போகிறேன். இதில் சிரிப்பதற்கு இடமுண்டு, தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கதை போய்ச் சேருகிற இடம் சிரிப்புக்குரியதன்று.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது, அம்மாவட்டம் சாதாரணமாக ஓர் ஆண்டு முழுவதும் காணும் மழையைவிட அது மிகுதி. தாமிரபரணி கரைகளை மறந்து ஓடியது. நான் பணிபுரியும் பங்கு ஆற்றின் தென்கரையில் உள்ளது. தாழ்ந்த தெருக்களில் இருந்தவர்கள் நான்கு நாள்கள் எங்கள் பங்கு மன்றத்தில் தங்கியிருந்தார்கள். ஐந்தாம் நாள் எல்லோரும் வீடு திரும்பும்போது, பீடத்தில் பூசைக்கு உதவும் சிறுவன் ஒருவன் சாக்குப்பை ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். சாக்கு அசைந்தது.

"சாமி, வாய்க்கால் பாலத்துக்குக் கீழ கெடந்துச்சு. எங்கம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. நீங்க வச்சிக்கிடுங்க."

உள்ளே ஒரு கறுப்புக் குட்டி. காது ஒட்டிக்கொண்டு, வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தது. "இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டேன். "வெள்ளையன்" என்றான் பையன் சற்றும் தயங்காமல். "ஏன்? கறுப்பாக அல்லவா இருக்கிறது?" என்றதற்கு, "வெள்ளத்துல வந்துச்சுல்லா சாமி" என்றான். அந்த இலக்கணத்தை மறுக்க என்னால் இயலவில்லை. குட்டி தங்கிவிட்டது.

அதன் கூரிய முகத்தையும் நீண்ட கால்களையும் கண்ட உபதேசியார், "இதில் சிப்பிப்பாறை ரத்தம் இருக்கிறது" என்று அடித்துச் சொன்னார். வடக்கே கரிசல் நாட்டில் சிப்பிப்பாறை, கன்னி என்னும் வேட்டை நாய்களும், அதற்கப்பால் இராசபாளையமும் பெயர் பெற்றவை. இராசபாளையம் நாயை 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலையிலேயே பொறித்தது. வெள்ளையனுடைய குலம் கோத்திரம் எதுவாயினும் ஆகட்டும். முதல் வாரத்தில் அது வேட்டையாடியது எங்கள் வீட்டுத் தரையைத்தான்.

பட்டாசலில் ஒரு குளம், அடுக்களை வாசலில் ஒரு குளம், நான் செபம் சொல்லும் நாற்காலிக்கு அடியில் ஒரு குளம். ஒரு நாள் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுக்க அலுவலறைக்குள் இருட்டில் போனவன் எதில் கால் வைத்தேன் என்பதை எழுதாமல் விடுகிறேன். சமையல் செய்யும் அம்மா வாளியும் துணியுமாய்ச் சலித்துப்போனார். "சாமி, நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில வச்சாலும் அது புத்தி போகுமா? கட்டிப் போடுங்க, இல்ல கொண்டுபோய் விடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பங்குமக்கள் ஆலோசனை வழங்கத் தவறவில்லை. "அது போன இடத்திலேயே மூக்கை வைத்துத் தேய்த்தால் ஒரு வாரத்தில் திருந்திவிடும்" என்றார் ஒருவர். "பத்திரிகையைச் சுருட்டி முதுகில் ஒன்று வையுங்கள், வலிக்காது, ஆனால் சத்தத்துக்குப் பயப்படும்" என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்தேன். எனக்கு அது கண்டிப்பாகவும் நியாயமாகவும் தோன்றியது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நானே எத்தனையோ திருமண மேடைகளில் பேசியிருக்கிறேன் அல்லவா?

பத்து நாள்களில் பலன் தெரிந்தது. பட்டாசலில் குளங்கள் இல்லை. நான் வெற்றி பெற்றுவிட்டதாகவே எண்ணினேன். பிறகு ஒரு நாற்றம் வரத்தொடங்கியது. அலமாரியை நகர்த்திப் பார்த்தோம். அதற்குப் பின்னால், சுவரோரம், பத்து நாள் கணக்கும் அங்கே இருந்தது. அதைவிடப் பெரிய வேதனை ஒன்று உண்டு. மாலையில் நான் வெள்ளையனை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போவேன். அரை மணி நேரம் நின்றாலும் அது என் எதிரில் ஒன்றுக்குக்கூடப் போகாது. வீட்டுக்குள் வந்து, நான் மறுபுறம் திரும்பியதும், அலமாரியை நோக்கி ஓடும். என் நிழல் விழுந்தால் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது இந்தக் குறையைச் சொன்னேன். இளைஞர், பொறுமையாகக் கேட்டார். "சாமி, நீங்க அடிச்சதுல அது ஒண்ணு நல்லாக் கத்துக்கிட்டது. வீட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு இல்ல, சாமி பார்க்கும்போது போகக்கூடாதுன்னு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திற்குப் பின் அவர் அரை மணி நேரம் எனக்கு வகுப்பு எடுத்தார். அதன் சுருக்கத்தை, குட்டி வளர்ப்போருக்குப் பயன்படும் என்பதால், இங்கே தருகிறேன்.

முதலாவது, குட்டி செய்வது குற்றமன்று. அதனால் அடக்க முடியாது என்பதே உண்மை. எத்தனை மாதக் குட்டியோ அத்தனை மணி நேரமும், மேற்கொண்டு ஒரு மணி நேரமும், அதுவே அதன் தாங்கும் எல்லை என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணிக்கு மேல் தாங்க இயலாது. முழுக் கட்டுப்பாடு வருவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஆகவே தூங்கி எழுந்தவுடன், தின்று முடித்தவுடன், விளையாடி ஓய்ந்தவுடன், இரவில் ஒரு முறை, நாமே தூக்கிக்கொண்டு வெளியே போகவேண்டும். தரையை முகர்ந்து வட்டமிடத் தொடங்கினால் அதுவே அதன் விண்ணப்பம்.

இரண்டாவது, ஒரே வாசல் வழியாக, ஒரே இடத்திற்கு, ஒரே சொல்லைச் சொல்லி அழைத்துப் போகவேண்டும். போய் முடித்த அந்த நொடியிலேயே பாராட்டி ஒரு சிறு தின்பண்டம் கொடுக்கவேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்கான பரிசு என்றே அது எண்ணிக்கொள்ளும். தண்டனைக்கும் இதுவே விதி. ஒரு மணி நேரத்திற்கு முன் நடந்ததற்காக இப்போது அடித்தால், அந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க அதற்கு வழியில்லை. நாம் 'குற்ற உணர்வு' என்று நினைக்கும் அந்தக் கூனிய பார்வை, நம் முகத்தைக் கண்டு அது கொள்ளும் அச்சமேயன்றி வேறில்லை.

மூன்றாவது, தவறிய இடத்தின் வாடை முற்றிலும் நீங்கவேண்டும். நாம் முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, அதற்குத் தெரியும், அங்கேயே மீண்டும் போகும். அமோனியா கலந்த துப்புரவு மருந்து சிறுநீர் வாடையையே நினைவூட்டும் என்பதால் அது ஆகாது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுக் காடியை நீரில் கலந்து துடைத்தோம்.

நான்காவதாக அவர் சொன்னது நம் வீட்டுக் குழந்தைகளைப் பற்றியது. குட்டிகளின் வயிற்றில் உருளைப்புழுக்கள் இருப்பது மிகச் சாதாரணம். வெள்ளையனின் பானை வயிற்றுக்கு அதுவே காரணம். அதன் கழிவிலுள்ள புழு முட்டைகள் மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்தால் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் கைவழியே வாய்க்குப் போகும். ஆகவே உடனுக்குடன் அள்ளிப் புதைக்கவேண்டும், புழு மருந்து தவறாமல் கொடுக்கவேண்டும், பிள்ளைகள் கைகழுவவேண்டும். பார்வோ என்னும் கழிச்சல் நோய் 1978-இல்தான் உலகில் முதன்முதல் அறியப்பட்டது. இன்று குட்டிகளை அதிகம் கொல்வனவற்றுள் அதுவும் ஒன்று. தடுப்பூசி வரிசை முடியும்வரை பல நாய்கள் நடமாடும் தெருவில் குட்டியை இறக்கக்கூடாது. சொந்த வளவுக்குள்ளேயே பழக்கவேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும்.

வீடு திரும்பும் வழியில் பாவ்லோவ் என் நினைவுக்கு வந்தார். மணியோசைக்கு நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை ஆராய்ந்த அந்த ருசிய அறிஞரைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் ஒரு கிராமக் குருவின் மகன். அவரே குருமடத்தில் பயின்று, பிறகு அதை விட்டு அறிவியலுக்குப் போனவர். குருமடத்தில் பயின்ற அவருக்கு நாய் விளங்கியது; குருமடத்தை முழுமையாக முடித்த எனக்கு விளங்கவில்லை!

அன்றிரவு முதல் புதிய பாடத்திட்டம். புறவாசல் கதவு, "வெளியே" என்ற ஒரு சொல், வேப்பமரத்தடி, பையில் அவித்த முட்டைத் துண்டு. காலைப் பூசைக்கு முன் ஒரு முறை; பின் ஒரு முறை; பகலில் சமையல் அம்மாவின் முறை; அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். இரவு இரண்டு மணிக்குக் கடிகார மணி அடிக்கும். பிசான நெல் வயல்களில் தவளைகள் கத்திக்கொண்டிருக்க, தை மாதப் பனியில், போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு சாமியார் வேப்பமரத்தடியில் நாய்க்குட்டியிடம் மன்றாடிக்கொண்டு நின்ற காட்சியை இராக்காவலர் ஒருவர் கண்டு, மறுநாள் ஊரெல்லாம் பரப்பிவிட்டார்.

முதல் ஐந்து நாள் வெள்ளையன் என்னை நம்பவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஆறாம் நாள் இரவு, என் பார்வைக்கு எதிரிலேயே, அஞ்சி அஞ்சிப் பின்கால் மடக்கி அமர்ந்தது. முடித்ததும் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தது. கையில் சுருட்டிய பத்திரிகை இருக்கிறதா என்று பார்த்தது. முட்டைத் துண்டு இருந்தது.

வாசகர்களே, அந்தப் பார்வைதான் என்னை உறங்கவிடவில்லை. அதை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஒரு மாணவர் விடுதி என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒன்பது வயதுப் பையன் ஒருவன், கரிசல் காட்டுக் கிராமத்திலிருந்து வந்தவன், இரவில் பாயை நனைத்துவிடுவான். சோம்பல் என்று எண்ணினேன். எழுந்து போக மனமில்லாத கொழுப்பு என்று எண்ணினேன். நனைந்த பாயைத் தலையில் வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் காலையுணவு உண்ணும் நேரத்தில், கிணற்றடியில் நிற்கச் செய்தேன். வெட்கம் வந்தால் திருந்துவான் என்பது என் கல்வி முறை. சில நாள்களில் பாய் காய்ந்திருந்தது. அப்போதும் நான் வெற்றி பெற்றுவிட்டதாகவே எண்ணினேன். பிறகுதான் விறகுப்புரையில், அடுக்கிய விறகுக்குப் பின்னால், நனைந்த துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். பகல் முழுவதும் அவன் தண்ணீர் குடிப்பதில்லை என்றும், இரவில் உறங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்றும் மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அதற்கும் கண்டித்தேன். பொங்கல் விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. "பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த வரியை நான் நினைத்ததே இல்லை. நினைக்கவைத்தது ஒரு நாய்க்குட்டி.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு இது உண்டு என்றும், பத்து வயதிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு நீடிக்கும் என்றும் சொன்னார். பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது; ஆழ்ந்த உறக்கத்தில் பிள்ளை அறியாமலே நேர்வது; அதில் பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. பகலில் நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்து, படுக்கப் போகுமுன் குறைத்து, ஒன்றுக்குப் போய்வரச் செய்யவேண்டும். திட்டவோ அடிக்கவோ கூடாது. ஏழு வயதுக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். நின்றிருந்த பழக்கம் மீண்டும் தொடங்கினால் உடனே காட்டவேண்டும். இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள அன்று எனக்கு ஒரு கேள்வி போதுமாயிருந்தது. நான் கேட்கவில்லை.

கேட்காததற்கு அறியாமையைச் சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லை. 1877-இல் தொன் போஸ்கோ தம் கல்வி முறையை எழுதிவைத்தார். தவறு நடந்தபின் தண்டிப்பது ஒரு முறை; தவறு நேராதபடி உடனிருந்து காப்பது மற்றொரு முறை; முன்தடுப்பு முறை எனப்படும் இரண்டாவதையே அவர் தேர்ந்துகொண்டார். அறிவும் சமயமும் அன்பும் அதன் மூன்று தூண்கள். அவற்றைக் குருமடத்தில் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அதன் பொருள் என்ன தெரியுமா? இரவு இரண்டு மணிக்கு எழுந்து அந்தப் பையனைத் தொட்டு எழுப்பி, "வா தம்பி, வெளியே போய்விட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கவேண்டும். நாய்க்குட்டிக்காக எழுந்தேன். அவனுக்காக எழவில்லை.

அவனுடைய ஊர்ப் பங்குச் சாமியாரிடம் விசாரித்துத் தொலைபேசி எண்ணைப் பெற்றேன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்தது. இரண்டு நாள் தயங்கி, ஒரு ஞாயிறு மாலையில் அழைத்தேன். யாரென்று சொன்னேன். ஏன் அழைக்கிறேன் என்று சொன்னேன். "நான் செய்தது தவறு. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். இத்தனைக்கும் நான் ஆயத்தம் செய்திருந்தேன். அடுத்து வந்ததற்கு ஆயத்தமாக இல்லை.

நெடுநேரம் பேச்சே இல்லை. பின்னால் தொலைக்காட்சி ஓசை கேட்டது. பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "சாமி, என் மகனுக்கு ஏழு வயசு. அவனும் அப்படித்தான். நான் அடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. குழந்தை மருத்துவர் சொன்னவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இருங்க சாமி, எழுதிக்கிடுதேன்" என்று தாள் எடுத்துவரப் போனார். அந்தக் காத்திருப்பில் நான் அழுதேன். பையனின் பள்ளிப் படிப்பைப் பற்றிப் பேசினோம். கிணற்றடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளையன் முழு வளர்ச்சி அடைந்துவிட்டது. உபதேசியார் சொன்ன சிப்பிப்பாறை இன்னும் வெளிப்படவில்லை. ஆனால் புறவாசல் கதவை நகத்தால் இருமுறை கீறிக் காட்டும் நாகரிகம் வந்துவிட்டது. கீறினால் எழுந்து திறக்கவேண்டியது என் கடமை. சமையல் அம்மா இப்போது அதை "எங்க பிள்ளை" என்கிறார். பழமொழியை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பதற்கு மட்டும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. வளையும், ஆனால் வலிக்கும். அதற்குள் யாரையெல்லாம் வலிக்கச் செய்துவிட்டோம் என்ற கணக்கும் கூடவே வரும்.

உங்கள் வீட்டில் இரவில் பாயை நனைக்கும் பிள்ளை இருந்தால், இன்று காலை அந்தப் பாயை யாரும் பாராத இடத்தில் காயப்போடுங்கள். இரவில் ஒரு முறை எழுப்பிக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போங்கள். எனக்கும் இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. வெள்ளையனுக்குத் தேவையில்லாவிட்டாலும், பழக்கமாகிவிட்டது. வேப்பமரத்தடியில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், திருப்பூரில் ஒரு தகப்பன் தன் மகனை எழுப்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.